மால்டாவின் தொடக்ககாலக் கால்பந்து: பந்தைக் கொண்டுவந்தவர் யார், லீக்கை உண்டாக்கியவர் யார்?

துறைமுகத்தான்:

கப்பல் பொறியாளனாகப் பணிபுரிந்த காலத்தில், பழுதுபார்ப்புக்காக எங்கள் கப்பல் மால்டாவின் பெருந்துறைமுகத்தில் சில வாரங்கள் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் ஏறி ஸ்லீமாவுக்குச் சென்றேன். அங்கிருந்து நடந்து க்ஸீரா என்ற பகுதிக்குள் புகுந்தபோது, அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே வெளிறிய மஞ்சள் நிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய நெடுஞ்சுவர் ஒன்று நின்றது. சுவரின் இடுக்குகளில் களை முளைத்திருந்தது. இரும்புக் கதவு துருப்பிடித்துப் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் காப்பிக்கடையில் கேட்டபோதுதான் அது பழைய எம்பயர் ஸ்டேடியம் என்று தெரிந்தது. 1922 முதல் 1981இல் தா அலி தேசிய அரங்கம் திறக்கப்படும் வரை, மால்டா கால்பந்தின் மையமாக இருந்த இடம் அதுதான்.

அன்று தொடங்கிய ஆர்வத்தில் அந்த நாட்டின் தொடக்ககாலக் கால்பந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் கதை எளிமையானது: மால்டா பிரிட்டிஷ் மத்தியதரைக் கடற்படையின் தளம், படைவீரரும் மாலுமிகளும் பந்தைக் கொண்டுவந்தனர், உள்ளூரார் பார்த்துக் கற்றனர், ஆகவே அது காலனி ஆட்சியின் கொடை என்பதாகும். பந்து வந்த வழியைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் பந்து வருவது வேறு, ஒழுங்குபடுத்தப்பட்ட போட்டி உண்டாவது வேறு. 1909–10இல் நடந்த முதல் லீக்கில் ஆடிய ஐந்து அணிகளைப் பாருங்கள். ஃப்ளோரியானா, ஸ்லீமா வாண்டரர்ஸ், ஹம்ரூன் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிய மூன்றும் ஊர்ப்பெயரைத் தாங்கியவை. நான்காவதான செயின்ட் ஜார்ஜ்ஸ், கப்பல் கட்டும் தளத்தை ஒட்டிய கோஸ்பிக்வா ஊரின் அணி. 1890இல் தொடங்கப்பட்ட அதுவே நாட்டின் மிகப் பழைய கழகம். ஐந்தாவது பாய்ஸ் எம்பயர் லீக் அணி. வந்திறங்கிய படைப்பிரிவு அணி ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை.

மால்டாவில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. அவருக்கு ஆண்டுத் திருவிழா உண்டு. அத்திருவிழாவுக்கு வாத்தியம் இசைக்கும் சங்கம் உண்டு. பல ஊர்களில் இரண்டு சங்கங்கள் இருந்து, ஒன்றையொன்று மிஞ்சப் பார்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. பந்து தீவுக்கு வந்தபோது, போட்டி போடும் பழக்கம் ஏற்கெனவே அங்கே தயாராக இருந்தது என்பதே என் கருத்து. படைமுகாம் பந்தைக் கொடுத்தது. லீக்கைக் கொடுத்தது ஊர்தான். மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.

நூலகவாசி:

ஐயா, தங்கள் பதிவு சுவையாக இருந்தது. ஆயினும் வாதம் தேவைக்கு மேல் நீட்டப்பட்டிருப்பதாகக் கருதுகிறேன். மால்டா கால்பந்துச் சங்கம் 1900இல் உருவானது, அதாவது லீக்குக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே. அச்சங்கம் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தோடு இணைந்திருந்தது. விதிகளும் போட்டி நடத்தும் முறையும் அங்கிருந்தே வந்தன. கழகங்களின் பெயர்களைக்கூடக் கவனியுங்கள்: ‘வாண்டரர்ஸ்’ என்பது மால்டிய மொழிச் சொல்லா? ‘செயின்ட் ஜார்ஜ்’ இங்கிலாந்தின் காவல் புனிதர் அல்லவா?

மேலும், தாங்கள் ஒரே வரியில் கடந்துபோன பாய்ஸ் எம்பயர் லீக் பேரரசுப் பற்றை இளைஞரிடம் வளர்ப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு. ஐந்தில் ஓர் அணி அப்படிப்பட்டது என்றால் அதைப் புறந்தள்ள இயலாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1918–19 பருவத்தில் லீக்கை வென்றது எந்த ஊரும் அன்று. மால்டாவின் மன்னர் படைப்பிரிவு என்ற கே.ஓ.எம்.ஆர். அணியே சாம்பியன் ஆனது. படைமுகாம் பந்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

துறைமுகத்தான்:

நூலகவாசி அவர்களே, பெயர்களைப் பற்றிய தங்கள் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கே.ஓ.எம்.ஆர். எடுத்துக்காட்டு தங்கள் பக்கம் சாய்வதைவிட என் பக்கமே சாய்கிறது. அது பிரிட்டனிலிருந்து கப்பலேறி வந்த படையன்று. மால்டியரைக் கொண்டு மால்டாவிலேயே திரட்டப்பட்ட உள்நாட்டுப் படை. சீருடை மன்னருடையது, கால்கள் உள்ளூர்க் கால்கள்.

அந்தப் பருவம் முடிந்த கோடையில்தான், 1919 ஜூன் 7 அன்று, ரொட்டி விலை உயர்வையும் அரசியல் உரிமை மறுப்பையும் எதிர்த்துத் தலைநகர் வல்லெட்டாவில் திரண்ட கூட்டத்தின்மீது பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டார்கள். அக்கலவரத்தில் மால்டியர் நால்வர் உயிரிழந்தனர். அந்த நாளை மால்டா இன்றும் தேசிய நாளாகக் கடைப்பிடிக்கிறது. அப்படிப்பட்ட ஓர் ஆண்டில் மன்னரின் பெயரைச் சுமந்த உள்ளூர் அணி லீக்கை வென்றது என்பதை, காலனிக் கொடை என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

பச்சைவெள்ளை:

இந்த இழையில் ஃப்ளோரியானாவின் ஜெர்சிக் கதை இன்னும் வரவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. ஃப்ளோரியானா, வல்லெட்டாவின் கோட்டை வாயிலுக்கு வெளியே அமைந்த சிற்றூர். அதன் கழகம் 1894இல் தோன்றியது. ஊரை ஒட்டியே படைமுகாமும் அணிவகுப்பு மைதானமும் இருந்தன. அம்முகாமில் தங்கியிருந்த ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற அயர்லாந்துப் படைப்பிரிவோடு 1905இல் ஃப்ளோரியானா அணி நட்புமுறை ஆட்டங்கள் ஆடியது. விடைபெறும்போது நினைவு அடையாளமாக இரு அணியினரும் பனியன்களை மாற்றிக்கொண்டதாகவும், அயர்லாந்து வீரர்களின் பச்சையும் வெள்ளையும் அன்றுமுதல் ஃப்ளோரியானாவின் நிறங்களாயின என்றும் கழகத்தின் மரபு கூறுகிறது. ஊரார் தங்கள் அணியை ‘தல்-ஐரிஷ்’, அதாவது ‘ஐரிஷ்காரர்கள்’, என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள்.

இதில் நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்ற பெயர் 1881இல் ஏற்பட்ட படைச் சீர்திருத்தத்தின்போது உண்டானது. அப்போது இணைக்கப்பட்ட இரு பிரிவுகளுள் ஒன்று ராயல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ், மற்றொன்று ராயல் பாம்பே ஃப்யூசிலியர்ஸ். முதலாவது, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய ஐரோப்பியப் படையின் வழிவந்தது. ஆக, சென்னைக் கோட்டையில் வேர்விட்டு, டப்ளின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஒரு படைப்பிரிவின் நிறம், மத்தியதரைக் கடல் தீவொன்றின் ஊர் அணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேரரசின் வழித்தடங்கள் இப்படித்தான் கோணல்மாணலாக ஓடின.

கணக்கன்:

சட்டை மாற்றிய கதை அழகானது. அழகான கதைகளை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன். கழகங்கள் தங்கள் நிறத்துக்குப் பின்னாளில் கதை கட்டிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆயினும் ‘தல்-ஐரிஷ்’ என்ற பட்டப்பெயர் ஊரார் வாயில் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதால், கதையின் கரு உண்மையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி என்பதை ஏற்கிறேன்.

நூலகவாசி:

பச்சைவெள்ளை அவர்கள் தந்த செய்தியே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. முதல் லீக்கை ஒரு கோல்கூட வாங்காமல் வென்ற அணி ஃப்ளோரியானா. 1911–12, 1912–13 பருவங்களிலும் அதுவே வென்றது. நாட்டின் முதல் மூன்று லீக் பட்டங்களையும் படைமுகாமின் மதிலை ஒட்டி வாழ்ந்த ஊரே எடுத்துக்கொண்டது என்றால், அது தற்செயல் ஆகுமா? நாள்தோறும் மாலையில் படைவீரர் ஆடுவதைப் பார்த்தும், அவர்களோடு மோதியும் பழகிய இளைஞர்களுக்கு, உள்நாட்டுக் கிராமத்து இளைஞர்களுக்குக் கிட்டாத பயிற்சி கிட்டியது. கோஸ்பிக்வாவும் அப்படியே, கடற்படையின் கப்பல் தளம் இருந்த இடத்தில்தான் முதல் கழகம் தோன்றியது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், தொடக்ககாலக் கழகங்கள் எல்லாம் துறைமுகத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஊர்த் திருவிழாப் போட்டியே லீக்குக்குக் காரணம் என்றால், திருவிழாப் போட்டி உச்சத்தில் இருந்த உட்பகுதிக் கிராமங்கள் ஏன் அந்த ஐந்தில் இல்லை?

துறைமுகத்தான்:

கூர்மையான கேள்வி. இரண்டு நாள்களாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உட்பகுதிக் கிராமத்தவர் வேளாண்மையில் இருந்தார்கள், அவர்களுக்கு ஓய்வும் மைதானமும் குறைவு என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. துறைமுகத்துக்கு அருகாமை என்பது முன்நிபந்தனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே துறைமுகத்தைச் சுற்றித்தான் மால்டாவின் மக்கள்தொகையில் பெரும்பகுதி நெருங்கி வாழ்ந்தது என்பதையும் மறக்கலாகாது. மக்கள் இருந்த இடத்தில் கழகம் இருந்தது. கடற்படையும் அங்கேயே இருந்தது. இரண்டில் எது காரணம் என்று பிரித்தெடுப்பது வரைபடத்தை மட்டும் பார்த்து ஆகிற வேலையன்று.

வடகடல்:

பிரித்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. படைமுகாமே இல்லாத ஒரு தீவை எடுத்துப் பார்த்தால் போதும். ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையும் இல்லை, கடற்படைத் தளமும் இல்லை, ஆண்டது டென்மார்க். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 80 ஆயிரத்துக்கும் குறைவு. அதே ஆண்டில் மால்டாவில் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். நிலப்பரப்போ நேர்மாறானது: மால்டா 316 சதுர கிலோமீட்டர்தான், ஐஸ்லாந்து 1 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும்.

ரேக்யவிக் நகரத்தில் 1895 வாக்கில் கால்பந்தைக் கற்றுக்கொடுத்தவர் ஜேம்ஸ் ஃபெர்குசன் என்ற ஸ்காட்லாந்து அச்சுத் தொழிலாளி. தனி மனிதர் ஒருவர், கையில் துப்பாக்கி இல்லை, அச்சுக்கூடத்து மை மட்டுமே. 1899இல் அங்கே முதல் கழகம் தோன்றியது, இன்று கே.ஆர். என்று அழைக்கப்படுவது அதுவே. 1908இல் ஃப்ராமும் விக்கிங்கூரும், 1911இல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் அரவணைப்பில் வாலூரும் பிறந்தன. 1912இல் முதல் தேசியப் போட்டி நடந்தபோது கலந்துகொண்டவை மூன்றே அணிகள்: கே.ஆர்., ஃப்ராம், தெற்கே உள்ள வெஸ்ட்மன் தீவுகளின் அணி. கே.ஆர். வென்றது.

மால்டாவில் முதல் கழகம் 1890, முதல் லீக் 1909–10. ஐஸ்லாந்தில் முதல் கழகம் 1899, முதல் போட்டி 1912. ஆயிரக்கணக்கான படைவீரர் வாழ்ந்த தீவுக்கும், ஓர் அச்சுத் தொழிலாளி வந்திறங்கிய தீவுக்கும் இடையே லீக் தொடங்கிய காலத்தில் உள்ள வேறுபாடு இரண்டு மூன்று ஆண்டுகளே. படைமுகாம் அவ்வளவு இன்றியமையாதது என்றால், இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்திருக்க வேண்டாமா?

நூலகவாசி:

வடகடல் அவர்களின் ஒப்பீடு வலுவானது. ஆனால் ஒரே ஒரு தீவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதே வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளைப் பாருங்கள். அங்கே முதல் கழகமான டி.பி. 1892இலேயே தோன்றிவிட்டது, ஆனால் தேசிய லீக் 1942இல்தான் தொடங்கியது. ஐம்பது ஆண்டு இடைவெளி! அந்த 1942 எப்படிப்பட்ட ஆண்டு என்று நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப்போரில் ஃபாரோ தீவுகள் பிரிட்டிஷ் படையின் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டு. படை வந்ததால்தான் லீக் வந்தது என்று நான் சொல்லவில்லை. படை இல்லாத தீவு தானாகவே பத்துப் பன்னிரண்டு ஆண்டில் லீக் அமைத்துவிடும் என்ற முடிவுக்கு ஐஸ்லாந்து மட்டும் போதாது என்கிறேன்.

வடகடல்:

ஏற்கிறேன். தீவுகளுக்கு இடையே படகில் போய்த்தான் ஆட வேண்டும் என்ற நிலை ஃபாரோவில் தடையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். மால்டாவிலோ ஃப்ளோரியானாவிலிருந்து ஹம்ரூனுக்கு நடந்தே போய்விடலாம்.

கணக்கன்:

நடந்தே போகலாம் என்று சொன்னதும் மைதானங்களின் நினைவு வந்தது. ஒரு நண்பர் தனிமடலில் ஒரு கருதுகோளை எனக்கு அனுப்பியிருந்தார். அதைப் பொதுவில் வைத்துச் சோதிக்க அவர் அனுமதி தந்துவிட்டார். கருதுகோள் இதுதான்: தொடக்ககாலத்தில் ஆட்டங்கள் பல நடந்த மைல் எண்ட் மைதானம், ஃப்ளோரியானாவுக்கும் ஹம்ரூனுக்கும் அருகில் உள்ள பிளாட்டா இல்-பைடாவில் இருந்தது; ‘வெள்ளைப் பாறை’ என்பது அப்பெயரின் பொருள். 1922இல் க்ஸீராவில் எம்பயர் மைதானம் வந்தது; அது ஸ்லீமாவின் வாசலில் இருக்கிறது. ஆகவே மைதானம் எந்த ஊருக்குப் பக்கமோ அந்த ஊருக்கே பட்டம் என்கிறார் நண்பர்.

எண்ணிப் பார்த்தேன். 1919–20 முதல் 1930–31 வரை பன்னிரண்டு பருவங்கள். இப்பன்னிரண்டிலும் ஃப்ளோரியானாவையும் ஸ்லீமாவையும் தவிர வேறெந்த அணியும் பட்டம் வெல்லவில்லை; ஃப்ளோரியானாவுக்கு 7, ஸ்லீமாவுக்கு 5. எம்பயர் மைதானத்துக்குப் பிந்தைய ஒன்பது பருவங்களை (1922–23 முதல் 1930–31 வரை) மட்டும் எடுத்தால் ஃப்ளோரியானா 5, ஸ்லீமா 4. வாசலில் மைதானம் வந்தபிறகும் ஸ்லீமாவால் முந்த முடியவில்லை. ஆகவே கருதுகோள் இங்கே விழுகிறது.

ஆனால் முழுமையாக விழவில்லை. 1933இல் அதே இடத்தில் மைதானம் புதிய அரங்கமாக எழுந்தது. 1932–33 முதல் 1939–40 வரையிலான எட்டுப் பருவங்களில் ஸ்லீமா 6, ஃப்ளோரியானா 2. நண்பர் மகிழ்ந்துவிட்டார். நான் மகிழவில்லை, மைதானம் பக்கத்தில் வந்து பத்து ஆண்டு கழித்துத் திடீரென்று அதன் பலன் கிட்டும் என்பதை எப்படி விளக்குவது? நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு தலைமுறையாக வாய்த்தார்கள் என்பதே எளிய விளக்கமாகப் படுகிறது.

வலதுபுறத்துக் காவலன்:

நீண்ட நாள் இந்த இழையை அமைதியாகப் படித்து வருகிறேன். மைதானத்தின் தொலைவைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதன் தரையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எம்பயர் அரங்கில் புல் கிடையாது. கெட்டித் தரைமேல் மணல் பரப்பியது போன்ற ஆடுகளம் அது. 1971 பிப்ரவரியில் இங்கிலாந்து அணி அங்கே வந்து, மார்ட்டின் பீட்டர்ஸ் அடித்த ஒரே கோலில் 1–0 என்று வென்றதுதான் அத்தரைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. ஆண்டு முந்நூறு நாளுக்கு வெயில் காயும், ஆறு ஒன்றும் இல்லாத சுண்ணாம்புத் தீவில் புல் வளர்ப்பது எளிதன்று.

புல்லில்லாத தரையில் ஆடிய எவரும் இதன் பொருளை அறிவர். நானும் இளமையில் அப்படிப்பட்ட மைதானத்தில் பின்காப்பு ஆடியவன். பந்து விழுந்தால் தலைக்கு மேல் எழும்பும். அது எழும்பும் இடத்தை முன்கூட்டியே கணிக்கிறவனே பிழைப்பான். சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்க நினைத்தால் தொடைத் தோல் உரிந்துவிடும். இரவில் அந்தக் காயத்தின்மேல் போர்வை ஒட்டிக்கொள்ளும். ஆகவே சறுக்காமல், நின்ற நிலையிலேயே உடலை இடையில் நுழைத்துப் பந்தைக் காக்கப் பழகிக்கொள்வோம். மழைநாட்டு வீரர்கள் ஆடிய ஆட்டத்தை மால்டியர் அப்படியே நகலெடுத்திருக்க முடியாது, தரை விட்டிருக்காது. நூலகவாசி ஐயா மன்னிக்க வேண்டும், விதி லண்டனிலிருந்து வந்திருக்கலாம், ஆட்டம் அந்த மண்ணிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நூலகவாசி:

மன்னிப்பதற்கு ஒன்றுமில்லை. காவல் ஆட்டக்காரரின் தொடைத்தோலுக்கு எதிராக நூலகத்தில் எனக்கு ஆதாரம் கிடைக்கப்போவதில்லை.

கடற்பறவை:

ஐயாமாரே, ஒரு சிறு கேள்வி. பவோலா நகரத்தின் கழகம் ஹைபர்னியன்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறதே. அதுவும் அயர்லாந்தைக் குறிக்கும் சொல்தானே? அங்கேயும் ஏதாவது படைப்பிரிவு பனியன் மாற்றிக்கொண்டதா?

துறைமுகத்தான்:

இல்லை அம்மா, அது வேறு கதை. இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற கதை. அக்கழகம் 1922இல் தோன்றியபோது அதன் பெயர் கான்ஸ்டிட்யூஷனல்ஸ். அக்காலத்தில் மால்டாவில் இயங்கிய, பிரிட்டன் சார்பு கொண்ட அரசியலமைப்புக் கட்சியின் பெயரை ஒட்டியது அது. 1921இல் தன்னாட்சி கிடைத்த பிறகு, அக்கட்சிக்கும் இத்தாலியப் பண்பாட்டைப் போற்றிய தேசியக் கட்சிக்கும் இடையே மொழி, கல்வி, திருச்சபை என்று எல்லாவற்றிலும் மோதல் நடந்தது. நீதிமன்ற மொழியாக இத்தாலியம் நீடிப்பதா என்பதே பெருஞ்சண்டை. 1934இல்தான் மால்டிய மொழி ஆங்கிலத்தோடு சேர்ந்து அரசு மொழியானது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கட்சியின் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு மைதானத்தில் இறங்குவது எத்தகைய வரவேற்பைப் பெற்றிருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1930களின் தொடக்கத்தில் அக்கழகம் ஹைபர்னியன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

ஊர்ப் பகையே லீக்கை உண்டாக்கியது என்று இந்த இழையின் முதல் பதிவில் நான் எழுதியது, 1909ஐ மட்டும் மனத்தில் வைத்து எழுதியது. 1920களில் அதனோடு கட்சிப் பகையும் சேர்ந்துகொண்டது என்று திருத்திக்கொள்கிறேன்.

நூலகவாசி:

நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். சங்கம் 1900இல் தோன்றியதைப் பெரிதாகச் சொன்னேன். ஆனால் அச்சங்கம் ஃபிஃபாவில் சேர்ந்தது 1959இல், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஈஎஃப்ஏவில் சேர்ந்தது 1960இல். அரைநூற்றாண்டுக்கும் மேலாக, லண்டனோடு இணைந்திருந்த ஒரு காலனிச் சங்கமாகவே அது இருந்திருக்கிறது. அந்த இணைப்பு ஒழுங்கைத் தந்தது என்று வாதிட்டேன். அதுவே உலகத்தோடு நேரடியாகப் பழகும் வாய்ப்பை நெடுங்காலம் தள்ளிப்போட்டது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

துறைமுகத்தான்:

நாடு என்ற முறையில் மால்டா தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடியது 1957 பிப்ரவரி 24 அன்று; எதிரணி ஆஸ்திரியா. சங்கம் தோன்றி 57 ஆண்டுகள் ஆகியிருந்தன, விடுதலைக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்றிருந்த ஆஸ்திரியா, 3–2 என்ற கணக்கில் தப்பித்துக்கொண்டது. ஆட்டம் நடந்தது க்ஸீராவில், நான் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பார்த்த அதே எம்பயர் ஸ்டேடியத்தில். கதவின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தபோது உள்ளே புல் தெரிந்தது. மனிதர் ஆடிய காலத்தில் வளராத புல், ஆட்டம் நின்றபிறகு தானாக முளைத்திருந்தது.